பாட்டுக்காரனுக்கு அரசியல் எதற்கு?

"பாட வந்தவன் பாடிவிட்டுப் போகட்டும், ஆட வந்தவன் ஆடிவிட்டுப் போகட்டும். நாட்டு நடப்பைப் பற்றி இவர்களுக்கு என்ன பேச்சு?" என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உண்டு, எல்லாக் காலத்திலும் உண்டு. அரியணையிலே அமர்ந்து கேட்பர். ஆலய வாயிலிலே நின்று கேட்பர். ஏடுகளிலே பத்தி பத்தியாக எழுதிக் கேட்பர். ஆனால், கேட்பவர் யார், யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்பதைச் சற்றே உற்று நோக்கினால் உண்மை விளங்கும்.

மன்னன் புகழ் பாடியவனைப் பார்த்து இந்தக் கேள்வியை எவரும் எழுப்பியதில்லை. மதத்தின் மகிமையைப் பாடியவனைப் பார்த்து எழுப்பியதில்லை. சீமான் வீட்டுத் திருமணத்திலே சிந்து பாடிச் சன்மானம் பெற்றவனைப் பார்த்தும் எழுப்பியதில்லை. ஏழையின் கண்ணீரைப் பாடியவன் எவனோ, சிறைக்கம்பியின் குளிரைப் பாடியவன் எவனோ, மூடத்தனத்தின் முகமூடியைக் கிழித்தவன் எவனோ, அவனை நோக்கித்தான் அது பாய்ந்து வருகிறது! ஆகவே, தோழர்களே, அது கேள்வியன்று, கட்டளை. 'வாய் பொத்தி நில்' என்ற பழைய கட்டளைக்குப் புதிய உடை!

அந்தக் கட்டளையை மீறிய ஒருவரின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம். பாட்டுக்காரராகப் புறப்பட்டுப் படமெடுப்பவராக வளர்ந்து, நாவலாசிரியராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய துருக்கி நாட்டுக் கலைஞர் சுல்ஃபு லிவானெலியின் வரலாறு அது. அவரைத் துதிபாட அல்ல இதை எழுதுவது. துதி நமக்கு ஆகாது. பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டுவோம். இடித்துரைக்க வேண்டிய இடத்தில் இடித்துரைப்போம்.

கமால் நாடு

துருக்கி என்றதும் நம் இயக்கத்தாரின் நெஞ்சிலே நிற்கும் பெயர் கமால் பாட்சா. சுயமரியாதை ஏடுகள் அந்நாளில் அவரை வியந்து எழுதின. 1931 டிசம்பரில் புறப்பட்டு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உலகைச் சுற்றி வந்த பெரியார், எகிப்து, கிரீஸ், சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளோடு துருக்கியையும் கண்டு திரும்பினார். காணத்தக்க நாடாகத்தான் இருந்தது அது. 1922இல் சுல்தான் ஆட்சி ஒழிந்தது. 1924இல் கலீபா பதவி கவிழ்ந்தது. 1928இல், அரசுக்கு மதம் உண்டு என்ற வாசகம் அரசியல் சட்டத்திலிருந்து நீங்கிற்று. அதே ஆண்டில் புதிய எழுத்து புகுந்தது. 1934இல் பெண்டிர் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்றனர். மதமெனும் மலையைப் பெயர்க்க முடியாது என்று மாரடித்த மேதாவிகளின் வாயை அடைத்த சாதனைகள் இவை. மறுப்பார் யார்?

ஆனால், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதே 1934ஆம் ஆண்டின் இறுதியில் துருக்கி வானொலியிலே மரபான துருக்கி இசைக்குத் தடை விழுந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள் மேனாட்டு இசையே ஒலித்தது. மக்கள் கேட்கும் பாட்டை மக்கள் கேட்கக்கூடாது என்று மேலிருந்து ஒரு கட்டளை! பகுத்தறிவு வேண்டும், வேண்டவே வேண்டும். ஆனால் சிந்திக்க வைத்து வளர்க்க வேண்டிய ஒன்றைச் சிப்பாய் வைத்து வளர்க்க முடியுமா? மதத்தை அரசிலிருந்து விலக்குவதாகச் சொன்ன குடியரசு, 1924இலேயே மத விவகாரங்களுக்கு ஒரு துறையை அமைத்து, தொழுகை நடத்துவோருக்கு அரசே சம்பளம் தரும் ஏற்பாட்டையும் செய்தது. வேலி போட்டது உண்மை. வேலிக்குள்ளே பயிரை வளர்த்ததும் உண்மை. அந்தப் பயிர் பின்னாளில் யாருக்கு விளைந்தது என்பதை வரலாறு காட்டிவிட்டது.

கவிஞர்களின் கதியோ கண்ணீர்க் கதை. நாசிம் ஹிக்மத்துக்கு 1938இல் 28 ஆண்டுத் தண்டனை! அவர் பாட்டைப் படைவீரர்கள் படித்தார்களாம். அதனால் படையிலே கலகம் மூளுமாம்! உலக அறிஞர்கள் குரல் எழுப்பியபின் 1950இல் விடுதலை. 1951இல் நாட்டை விட்டே தப்பிச் சென்றார். உடனே குடியுரிமைப் பறிப்பு. 1963இல் மாஸ்கோவிலே மாண்டார். குடியுரிமையைத் திருப்பித் தந்தார்கள், 2009இல்! கல்லறைக்குப் போய்ச் சேர்ந்த கருணை! எழுத்தாளர் சபாஹத்தின் அலியோ, ஆள்வோரை இழிவுபடுத்தும் பாட்டை எழுதினார் என்று 1930களின் தொடக்கத்திலேயே சிறையிலிடப்பட்டவர். 1948இல், நாட்டை விட்டுத் தப்ப முயன்றபோது பல்கேரிய எல்லையருகே கொல்லப்பட்டார்.

இந்த இருவரின் பாட்டையும் எடுத்து இசையமைத்து, ஊரெல்லாம் பாட வைத்தவர்தாம் லிவானெலி.

சிறை தந்த குரல்

1946இல் கொன்யா மாநிலத்து இல்கின் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். கையிலே எடுத்த கருவி 'சாஸ்'. நீண்ட கழுத்துடைய நரம்புக் கருவி. அனத்தோலிய நாட்டுப்புறத்திலே ஊர் ஊராகச் சென்று பாடும் பாணர்களின் கருவி. அரண்மனை மண்டபத்துக்கு உரியதன்று. ஆட்டிடையனின் தோளுக்கு உரியது.

1971 மார்ச்சு 12ஆம் நாள், படைத் தலைவர்கள் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தால் அரசைக் கவிழ்த்தனர். இடதுசாரிகள் வேட்டையாடப்பட்டனர். இளைஞர் லிவானெலியும் படைச் சிறையைப் பலமுறை கண்டார். 1972இல் நாட்டை விட்டுப் புறப்பட்டார். ஸ்டாக்ஹோம், பாரிஸ், ஏதென்ஸ் என்று ஊர் மாறினார். 1984இல்தான் தாயகம் திரும்பினார். அதற்கிடையே 1980 செப்டம்பர் 12இல் தளபதி கெனான் எவ்ரென் தலைமையில் மற்றுமொரு படைப் புரட்சி!

பன்னிரண்டு ஆண்டுகள்! வாழ வேண்டிய வயதிலே வனவாசம். அந்த வனவாசத்திலே அவர் புலம்பிக்கொண்டு கிடக்கவில்லை, இசைத்தட்டுகளை வெளியிட்டார். 1978இல் நாசிம் ஹிக்மத்தின் கவிதைகளையே ஓர் இசைத்தட்டாக்கினார். சபாஹத்தின் அலியின் 'லெய்லிம் லெய்' பாட்டுக்கு அவர் தந்த மெட்டு இன்று பாட்டனும் பேரனும் சேர்ந்து பாடும் மெட்டு. ஏட்டிலே இருந்தால் எரித்துவிடலாம். அச்சகத்திலே இருந்தால் பூட்டிவிடலாம். நாவிலே ஏறிவிட்ட பாட்டை எந்தச் சிறையில் பூட்டுவது? எந்தத் தளபதி பூட்டுவது?

'பாட்டுக்காரனுக்கு அரசியல் எதற்கு?' என்போருக்கு இங்கே ஒரு கேள்வி. அரசியல் பக்கம் பாட்டுக்காரன் போனானா, பாட்டுக்காரனின் கதவைத் தட்டிக்கொண்டு அரசியல் வந்ததா?

எதிரிக்குப் பாட்டிலே பங்கு

துருக்கியனுக்குக் கிரேக்கன் பகைவன். கிரேக்கனுக்குத் துருக்கியன் பகைவன். பள்ளிப் பாடத்திலும் அது. பட்டாளப் பாட்டிலும் அது. 1974இல் சைப்ரஸ் தீவிலே துருக்கிப் படை இறங்கியபின் பகை மேலும் பழுத்தது. அந்த நிலையிலே, கிரேக்க நாட்டுப் படை ஆட்சியால் சிறையிலிடப்பட்டு நாடு கடத்தப்பட்ட இசைவாணர் மிக்கிஸ் தியோடராக்கிஸோடு கைகோத்து மேடை ஏறினார் லிவானெலி. அவர் பாடல்களைக் கிரேக்கப் பாடகி மரியா ஃபராந்தூரி பாடினார். எள்ளல் எழுத்தாளர் அசீஸ் நேசின், நாவலாசிரியர் யாஷார் கெமால் முதலியோரோடு சேர்ந்து துருக்கி-கிரேக்க நட்புக் கழகம் காணவும் முன்னின்றார்.

இதைத் துரோகம் என்றனர் தேசபக்தியைத் தொழிலாகக் கொண்டோர். நாம் கேட்கிறோம்: இங்கே சிறையிட்டவனும் தளபதி, அங்கே சிறையிட்டவனும் தளபதி. இங்கே அடிபட்டவனும் பாட்டுக்காரன், அங்கே அடிபட்டவனும் பாட்டுக்காரன். அடித்தவர்கள் ஒரு சாதி; அடிபட்டவர்கள் ஒரு சாதி. இதிலே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது?

திரைக்கு வந்த காரணம்

பாட்டு காதைப் பிடிக்கும். படம் கண்ணையும் சேர்த்துப் பிடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் எட்டுகிற ஏடு திரைப்படம். இந்த உண்மையை நம் இயக்கத்தாருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

லிவானெலி திரையுலகுக்கு இசையின் வழியே வந்தார். 1978இல் வெளிவந்த 'சுரூ' என்னும் படத்துக்கு, 'மந்தை' என்று பொருள், இசையமைத்தார். சிறையிலிருந்தபடியே யில்மாஸ் குனே எழுதிய கதை அது. செக்கி ஒக்தென் இயக்கினார். 1979இல் லொகார்னோ விழாவிலே தங்கச் சிறுத்தைப் பரிசு பெற்றது. அடுத்து வந்தது 'யோல்'. 'பாதை' என்று பொருள். இதையும் குனே சிறையிலேயே எழுதினார். ஷெரிஃப் கோரென் இயக்கினார். சில நாள் விடுப்பிலே வெளியே வரும் கைதிகளின் கதை. வீட்டுக்குப் போனால் விடுதலை கிடைக்கும் என்று வந்தவர்கள், அங்கே வேறொரு சிறையைக் காண்கிறார்கள். குலமானம் என்னும் சிறை, வழக்கம் என்னும் சிறை, மனைவியைக் கொன்றால்தான் மானம் மீளும் என்று குடும்பமே கூடி நின்று சொல்லும் சிறை! 1982இல் கான் விழாவின் தலைமைப் பரிசான தங்கப் பனை 'யோல்' படத்துக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. உலகம் கொண்டாடிய அந்தப் படம் துருக்கியிலே 1999 வரை காட்டப்படவில்லை.

அந்தப் படத்தின் பட்டியலிலே இசையமைப்பாளர் பெயரைத் தேடினால் 'செபாஸ்டியன் ஆர்கோல்' என்றிருக்கும். யார் இந்த ஆர்கோல்? லிவானெலிதான்! தன் இசைக்குத் தன் பெயரைப் போட முடியாத காலம். கள்ள நோட்டு அடித்தவன் பெயரை மறைத்துக்கொள்வான். கலை படைத்தவன் பெயரை மறைக்கும்படி வைத்தது யார் குற்றம்?

கடவுள் பிறந்த கதை

1987இல் லிவானெலி தாமே ஒரு படத்தை இயக்கினார். யாஷார் கெமால் 1963இல் எழுதிய 'இரும்பு மண், செப்பு வானம்' என்னும் நாவல்தான் கதை. கான் விழாவின் ஒரு பிரிவிலே திரையிடப்பட்டது. இந்தப் படத்தின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய கதை இது.

தாரசு மலையிலே ஒரு சிற்றூர். ஊராருக்கு வாழ்வே பருத்தி எடுப்பிலே. ஆண்டுதோறும் மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்குச் சென்று பருத்தி எடுப்பர். அந்தக் கூலியைக் கொண்டு கடைக்கார அதிலின் கடனை அடைப்பர். அந்த ஆண்டு பருத்தி பொய்த்தது, கையிலே காசில்லை, கடன் அடையவில்லை. அதில் வருவான், அள்ளிக்கொண்டு போவான் என்ற அச்சம் ஊரைப் பிடித்தது. பானையை ஒளித்தனர், பாயை ஒளித்தனர், ஆட்டை ஒளித்தனர், தானியத்தைப் பள்ளம் தோண்டிப் புதைத்தனர். எல்லாம் ஒளித்தாயிற்று. அதில் வரவில்லை! வந்திருந்தால் அச்சம் ஒரு நாளிலே தீர்ந்திருக்கும். வராததால் நாளுக்கு நாள் வளர்ந்தது. வானம் செம்பாய் மூடிக்கொள்ள, மண் இரும்பாய் இறுகிவிட, பனியிலே அகப்பட்ட அந்த ஊர் அச்சத்தையே உண்டு அச்சத்தையே உடுத்தது.

அந்த ஊரிலே டாஷ்பாஷ் என்று ஓர் உழைப்பாளி. ஊர்த் தலைவனின் சூழ்ச்சியைத் துணிந்து எதிர்த்தவன். ஊராரின் கோழைத்தனத்தைக் கண்டு வெகுண்டு வைதவன். அச்சத்திலே கிடந்த ஊர் அந்த வசவைச் சாபமென்று கொண்டது. சாபமிடுபவன் சாமானியனா? மகானாகத்தான் இருக்க வேண்டும்! இரவிலே அவன் பின்னால் ஒளிப்பந்துகள் நடப்பதை ஒருவன் 'கண்டான்'. ஒருவன் கண்டதை ஊரே கண்டது. நோயாளிகள் வந்தனர்; அவன் காலடி மண்ணைக் கேட்டனர். "நான் மனிதன், உங்களைப் போலவே கடன்பட்டவன்" என்று கதறுகிறான் அவன். கதறக் கதற, 'அடக்கத்தைப் பார்! மகான்களின் இலக்கணமே இதுதான்' என்றது ஊர். மறுத்தாலும் மகான், ஒப்பினாலும் மகான். தப்ப வழியில்லை! கடைசியில் அவனுக்கே ஐயம் வந்துவிடுகிறது: 'ஊரெல்லாம் பொய் சொல்லுமா? ஒருவேளை நான்…?'

காவலர் வந்து பிடித்துச் செல்கின்றனர். புயற்பனியிலே அவன் மறைந்து போகிறான். ஊருக்கு மிச்சம், ஒரு புனிதக் கதை!

தோழர்களே, கடவுள் எப்படிப் பிறக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? வானத்திலிருந்து இறங்கவில்லை, கடன் பத்திரத்திலிருந்து எழுந்தார்! பசி தாய், அச்சம் தந்தை, வதந்தி மருத்துவச்சி! கடன் கொடுத்தவனைக் கேள்வி கேட்கத் துணிவில்லாத ஊர், கும்பிடுவதற்கு ஒருவனைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கடனை ஒழித்திருந்தால் கடவுளே தேவைப்பட்டிருக்க மாட்டார். மூடநம்பிக்கையை மட்டும் எள்ளிவிட்டு, அதை ஈன்றெடுத்த வறுமையை விட்டுவிடுகிறவன் பாதி வேலைதான் செய்கிறான். வறுமையை மட்டும் பேசிவிட்டு, மூடநம்பிக்கையின் முதுகைத் தடவிக் கொடுக்கிறவனும் பாதி வேலைதான் செய்கிறான். இரண்டையும் ஒரே திரையிலே காட்டியதுதான் அந்தப் படத்தின் சிறப்பு.

இதற்குப் பின், அரசியல் வன்முறை ஒரு நீதிபதியின் குடும்பத்தைக் கிழித்தெறிவதை 'மூடுபனி' என்னும் படமாக்கினார். பாம்புருவப் பெண்ணின் பழங்கதையைத் தழுவி 1993இல் 'ஷாமரான்' எடுத்தார்.

சிவாஸ் தீ

அதே 1993இல், ஜூலை 2ஆம் நாள், மகான்களை உண்டாக்கும் கூட்டம் மனிதர்களை என்ன செய்யும் என்பதைத் துருக்கி கண்டது. சிவாஸ் நகரில் அலெவி மக்களின் பாணர் ஒருவர் நினைவாகப் பண்பாட்டு விழா. பாடகரும் கவிஞரும் எழுத்தாளரும் இளைஞரும் மடிமாக் விடுதியிலே தங்கியிருந்தனர். அசீஸ் நேசினும் வந்திருந்தார்; மதத்தை மறுப்பதை மறைக்காதவர். தொழுகை முடித்து வந்த கும்பல் விடுதியைச் சூழ்ந்தது. மணிக்கணக்கிலே கூச்சல், காவலர் கைகட்டி நின்றனர், பிறகு தீ! விழாவுக்கு வந்தவர்கள் 33 பேரும் விடுதி ஊழியர் இருவரும் மாண்டனர். சாஸ் கருவியை ஏந்திய கைகள் கரிந்தன: முஹ்லிஸ் அகார்சு, நெசிமி சிமென், இருபத்திரண்டே வயதான ஹஸ்ரத் குல்தெகின். அசீஸ் நேசின் ஏணி வழியே இறங்கி உயிர் பிழைத்தார். தேடப்பட்டுப் பிடிபடாமலிருந்த சிலர் மீதான வழக்கு, காலம் கடந்துவிட்டதென்று 2012இல் கைவிடப்பட்டது.

காலம் கடந்ததாம்! சாம்பலுக்குக் காலம் கடப்பதுண்டா? இவர்கள் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போனார்கள்? பாடத்தானே போனார்கள்! 'பாடிவிட்டுப் போகட்டும்' என்று சொல்லும் கனவான்களே, பாட வந்தவர்களைப் பாடிவிட்டுப் போக விட்டார்களா?

வாக்குப் பெட்டியும் வகுந்த வாக்கும்

சிவாஸ் தீ அணைந்து ஒன்பது மாதம் ஆகவில்லை. 1994 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல். இஸ்தான்புல் மேயர் பதவிக்குச் சமூக ஜனநாயக மக்கள் கட்சியின் சார்பிலே லிவானெலி நின்றார். மதவாதக் கட்சியின் சார்பிலே நின்றவர் ரெசெப் தையிப் எர்தோகான். இடதுசாரிகளோ ஒரே களத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகளோடு நின்றனர். விளைவு? நூற்றுக்கு இருபத்தைந்து அளவே வாக்குப் பெற்று எர்தோகான் வென்றார். எழுபத்தைந்து பேர் வேண்டாம் என்று சொல்லியும் வந்த வெற்றி! அந்தப் படிக்கட்டிலே ஏறியவர் 2003இல் பிரதமரானார். 2014இல் குடியரசுத் தலைவரானார். கமால் காலத்திலே காட்சியகமாக்கப்பட்ட ஹாகியா சோபியா 2020இல் மீண்டும் மசூதியாயிற்று.

லிவானெலி 2002இல் குடியரசு மக்கள் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். பின்னர்க் கட்சித் தலைமையோடு முரண்பட்டு விலகினார். தோற்ற பாட்டுக்காரனைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. 1997இல் அங்காராவிலே அவர் பாடியபோது திரண்ட கூட்டம் ஐந்து இலட்சம் என்று கணக்கிட்டனர். கைதட்டுகிற கூட்டம் வேறு, வாக்களிக்கிற கூட்டம் வேறு என்பது உண்மைதான். ஆனால் அதிலே வெட்கப்பட வேண்டியவன் பாடியவனல்லன். ஒன்றுபட மறுத்த கட்சிகள்! பிற்போக்கு ஒரே கொடியின்கீழ் நிற்கும்போது முற்போக்கு மூன்று கொடி பிடித்தால், தேர்தல் நாளன்று தோற்பது கட்சி மட்டுமன்று, காலமுந்தான்.

மரியாதை கேட்கும் குருதி

2002இல் அவர் எழுதிய 'மகிழ்ச்சி' என்னும் நாவல் 2007இல் அப்துல்லா ஓகூஸ் இயக்கத்திலே படமாயிற்று, இசை லிவானெலி. வான் ஏரிப் பக்கத்துச் சிற்றூரிலே மெரியம் என்றொரு பெண் கெடுக்கப்படுகிறாள். கெடுத்தவன் யார்? சொந்தப் பெரியப்பன், ஊரார் கைகூப்பும் மதப் பெரியவன்! தண்டனை யாருக்கு? அவளுக்கு! தொழுவத்திலே பூட்டிவைத்துத் 'தற்கொலை செய்துகொள்' என்கிறார்கள். அவள் செய்துகொள்ளாததால், படையிலிருந்து திரும்பிய பெரியப்பன் மகனிடமே ஒப்படைக்கிறார்கள்: நகரத்துக்குக் கொண்டுபோய்த் தீர்த்துவிட்டு வா! ஆனால் அந்த இளைஞனின் கை தயங்குகிறது. தயங்கிய கையிலேதான் கதை தொடங்குகிறது.

ஆண் செய்த குற்றத்துக்குப் பெண் கழுத்திலே கயிறு! அந்தக் கயிற்றுக்கு 'மானம்' என்று பெயர்! இது துருக்கி மலைநாட்டுக் கதைதான். நம் நாட்டிலே சாதியின் பெயரால் பெற்ற மகளையே கொன்றுவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கிறவர்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது.

இங்கே மாறுபடுகிறோம்

2010இல் லிவானெலி எடுத்த படம் 'வேதா'. நம் நாட்டு வேதமன்று. 'பிரியாவிடை' என்று பொருள். கமாலின் இளமைத் தோழர் சாலிஹ் போசோக்கின் கண்வழியே கமாலின் வாழ்வைக் காட்டும் படம். தலைவர் மறைந்த நாளிலே தம்மைத்தாமே சுட்டுக்கொண்ட தோழர் அவர். உருக்கமான படம், மறுக்கவில்லை. ஆனால் உருக்கம் வேறு, ஆய்வு வேறு. டாஷ்பாஷ் எப்படி மகானாக்கப்பட்டான் என்பதைக் காட்டிய கலைஞரே, கமால் மகானாக்கப்படும்போது கண்ணீர் மல்க நிற்பது ஏன் என்று கேட்கிறோம். கலீபாவின் நாற்காலியை உடைத்தவரை அந்த நாற்காலியிலேயே உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா?

கமாலைப் போற்றுவோர் முன்னே ஒரு கேள்வி நிற்கிறது: குர்து மக்களின் மொழி! கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. கமால் குடியரசு அதைப் பள்ளியிலே சேர்க்கவில்லை. ஊர்ப் பெயர்களைக்கூடத் துருக்கிப் பெயர்களாக மாற்றினர் பின்வந்தோர். 1983இல் தளபதிகள் ஒரு சட்டம் செய்தனர், எண் 2932. துருக்கிக் குடிமக்களின் தாய்மொழி துருக்கி மொழி என்று அதிலே ஒரு பிரிவு! தாய்மொழி எது என்று தாய் சொல்ல வேண்டாமாம்; தளபதி சொல்வாராம்! அந்தச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. ஆயினும், துருக்கி மொழியைத் தவிர வேறெந்த மொழியையும் கல்விக்கூடங்களிலே தாய்மொழியாகக் கற்பிக்கக்கூடாது என்னும் 42ஆம் பிரிவு அரசியல் சட்டத்திலே இன்றும் இருக்கிறது.

1999 பிப்ரவரியில் இஸ்தான்புல் விருந்து மண்டபத்திலே பரிசு பெற வந்த பாடகர் அகமத் காயா, 'குர்து மொழியிலே ஒரு பாட்டுப் பாடப் போகிறேன்' என்றார். பாடவில்லை, பாடப் போகிறேன் என்றார்! முள்கரண்டிகள் பறந்தன, வசைகள் பறந்தன. வழக்கு வந்தது. பாரிசுக்குச் சென்றவர் 2000 நவம்பரில் அங்கேயே மாண்டார். 1984இல் மாண்ட யில்மாஸ் குனே துயிலும் அதே பாரிஸ் இடுகாட்டிலே அவரும் துயில்கிறார். 2013இல் துருக்கிக் குடியரசுத் தலைவரின் பெரும்பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது கரண்டி, உயிர் போனபின் கேடயம்!

முள்கரண்டி வீசியவர்கள் தாடி வைத்த பிற்போக்கர்கள் அல்லர். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த நாகரிகச் சீமான்கள்! இதைத்தான் பகுத்தறிவாளர்கள் கருத்திலே கொள்ள வேண்டும். மதத்தின் பிடியை உடைத்தவன் மொழியின் கழுத்தைப் பிடித்தால், அவன் பாதி விடுதலைக்காரன். 1938இலும் 1965இலும் மொழிக்காகச் சிறை சென்றும் உயிர் ஈந்தும் நின்ற மக்களின் வழிவந்த நாம், சீர்திருத்தம் செய்தான் என்பதற்காக எந்த அரசுக்கும் அந்தக் குற்றத்தை மன்னிக்க முடியாது.

பதவியை விட்டெறிந்த கை

இந்த இடத்திலே லிவானெலிக்கு உரிய பெருமையையும் கூறவேண்டும். 1996இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ அவரை நல்லெண்ணத் தூதராக்கியது. இருபது ஆண்டுகள் அந்தப் பதவியிலே இருந்தார். 2015இல் தியார்பக்கிர் நகரின் பழங்கோட்டையை அதே நிறுவனம் உலக மரபுச் செல்வம் என்று அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியிலே, கோட்டைக்குள் இருக்கும் சூர் பகுதியில் அரசுப் படைக்கும் குர்துப் போராளிகளுக்கும் சண்டை, ஊரடங்கு, வீடுகள் இடிந்தன, தெருக்கள் தரைமட்டமாயின. மரபுச் செல்வம் என்று பட்டயம் தந்தவர்கள் வாய் திறக்கவில்லை. 2016 மே மாதம் லிவானெலி பதவியைத் துறந்தார். தம் நாட்டிலே மனித உரிமையும் கருத்துரிமையும் நசுக்கப்படும்போது, சூர் அழியும்போது, மௌனம் காக்கும் நிறுவனத்தின் தூதராக இருக்க மாட்டேன் என்றார்.

சால்வையும் பட்டயமும் தேடி அலைகிற கலைஞர்கள் மலிந்த உலகத்திலே, கைக்கு வந்ததைக் கீழே வைத்த செயல் இது. 'வேதா' எழுப்பிய நம் கேள்விக்கு முழு விடை ஆகாது. ஆனால் இடிந்த குர்து வீடுகளின் பக்கம் நின்று பேசிய துருக்கிக் குரல் அது என்பதை மறைக்க மாட்டோம்.

இளைஞர்களுக்கு

கலைஞனை வணங்காதீர்கள், கேள்வி கேளுங்கள். அவன் சிறையிலே இருந்த நாட்களை மட்டும் எண்ணாதீர்கள். வெளியே இருந்த நாட்களிலே யார் பக்கம் நின்றான் என்றும் எண்ணுங்கள். அவன் எந்த மேடையிலே ஏறினான் என்பதைவிட எந்த மேடையிலிருந்து இறங்கினான் என்று பாருங்கள். நல்ல படமெடுத்தால் கொண்டாடுங்கள். அதே கலைஞன் தலைவனைத் தெய்வமாக்கினால் தயங்காமல் சொல்லுங்கள்: டாஷ்பாஷை நினைவிலே கொள், தோழா!

'பாட்டுக்காரனுக்கு அரசியல் எதற்கு?' என்று இனி எவரேனும் கேட்டால், விடை நம்மிடம் உண்டு. நாசிமின் 28 ஆண்டுத் தண்டனை விடை. எல்லையிலே விழுந்த சபாஹத்தின் அலி விடை. மடிமாக் விடுதியின் சாம்பல் விடை. அகமத் காயா மீது விழுந்த கரண்டிகள் விடை. பாட்டுக்கு அஞ்சித்தான் இத்தனையும் செய்தீர்கள்! அரசியல் இல்லாத பாட்டுக்கு எந்த அரசு அஞ்சியது?

பாட்டு எழட்டும், படம் எழட்டும், அச்சத்திலே பிறந்த மகான்கள் எல்லாம் மறையட்டும், அவரவர் தாய்மொழி அவரவர் வாயிலே அச்சமின்றி ஒலிக்கட்டும்!